உமிச்சாம்பலிலிருந்து ஏரோஜெல்: நிறமும் தெளிவும் எங்கே தீர்மானமாகின்றன

சிலிக்கா ஏரோஜெல் துண்டு ஒன்றைக் கறுப்பு அட்டையின்மேல் வைத்தால் அது இளநீலமாகத் தெரியும். அதே துண்டைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெளிர்மஞ்சளாகத் தெரியும். அதில் எந்தச் சாயமும் கிடையாது. சில நானோமீட்டர் அளவுள்ள சிலிக்காத் துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட வலையும், அந்த வலையின் கண்களில் நிறைந்த காற்றும் மட்டுமே உண்டு. கனஅளவில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் காற்றாகவே இருக்கும் இந்தத் திண்மம், அசையாமல் நிற்கும் காற்றைவிடவும் குறைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 0.026 வாட் என்றால், நல்ல ஏரோஜெல்லுக்கு அது 0.015 வாட் அளவிலேயே நிற்கிறது.

நெல் உமியின் சாம்பலிலிருந்து இதைத் தயாரிக்க முடியும் என்பது இன்று புதிய செய்தியல்ல. சீனாவில் டாங், வாங் ஆகியோர் 2005-இல் உமிச்சாம்பலை மூலப்பொருளாகக் கொண்டு ஏரோஜெல் தயாரித்து வெளியிட்டார்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹலிமாத்தோன் ஹம்தான் இதே பாதையில் உருவாக்கிய பொருளுக்கு ‘மேரோஜெல்’ என்று பெயர். ஆயினும் பெரும்பாலான கட்டுரைகள் அடர்த்தி, புறப்பரப்பு, நுண்துளை அளவு ஆகிய எண்களோடு நின்றுவிடுகின்றன. கிடைத்த பொருள் கண்ணாடிபோல் இருந்ததா, பால்போல் இருந்ததா, பழுப்பேறி இருந்ததா என்பது ஒரு நிழற்படத்தோடு முடிந்துவிடுகிறது. இந்த வேலையில் சில காலமாக ஈடுபட்டிருக்கும் எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. ஏரோஜெல்லின் தோற்றம் அதன் உள்ளமைப்பைப் பற்றிய மிக மலிவான, மிக நம்பத்தகுந்த அளவீடு. எரித்தது, கரைத்தது, கழுவியது, உலர்த்தியது ஆகிய ஒவ்வொரு படியும் அதில் தனித்தனித் தடத்தை விட்டுச்செல்கிறது. அந்தத் தடங்களைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால், தோற்றத்தை நம் விருப்பப்படி அமைப்பதும் கைகூடும்.

முதலில் மூலப்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘வேளாண் கழிவு’ என்ற தலைப்பில் உமியைச் சேர்ப்பது ஆய்வுக்கட்டுரைகளின் வழக்கம். நம் ஊர்களில் உமி கழிவே அல்ல. புழுங்கல் அரிசி ஆலைகளில் நெல்லை அவிப்பதற்கான நீராவி உமியை எரித்தே கிடைக்கிறது. செங்கல் சூளைக்காரர்களும் உமியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். உண்மையான கழிவு, பாய்லரிலிருந்து வாரிக் கொட்டப்படும் சாம்பல்தான். நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆகவே 100 கிலோ நெல்லுக்கு 4 கிலோ சாம்பல் மிஞ்சுகிறது. கொட்டிய இடத்தில் மழை பெய்தால் சேறாகவும், காற்று அடித்தால் அக்கம்பக்கத்து வீடுகளில் கரித்தூசாகவும் படியும் இந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா இருக்கிறது.

இவ்வளவு சிலிக்கா உமியில் எப்படிச் சேர்கிறது என்பது நெற்பயிரின் தனிச்சிறப்பு. மண்ணீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை நெல்லின் வேர் வலிந்து உறிஞ்சுகிறது. அதற்குரிய கடத்துப்புரதத்தை 2006-இல் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான் ஃபெங் மாவின் குழு கண்டறிந்தது. வேரில் நுழைந்த சிலிசிக் அமிலம் தண்டு வழியாக மேலேறி, நீர் ஆவியாகும் இடங்களில் செறிந்து, உமியின் வெளித்தோலில் திண்மச் சிலிக்காவாகப் படிகிறது. உமியைக் கையில் தேய்த்தால் உறுத்தும் சொரசொரப்பு அதுதான். முக்கியமான செய்தி என்னவென்றால், இப்படிப் படியும் சிலிக்கா மணலைப்போல் படிகமாக இருப்பதில்லை. ஒழுங்கற்ற அணு அமைப்பு கொண்டதாக, எளிதில் கரையும் நிலையில் இருக்கிறது. மணலிலிருந்து சோடியம் சிலிக்கேட் தயாரிக்க ஆயிரம் டிகிரிக்கும் மேற்பட்ட உலை தேவைப்படும்போது, நல்ல உமிச்சாம்பலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தாலே போதுமானதாகிறது.

‘நல்ல’ சாம்பல் என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஏரோஜெல்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் உலர்த்தும் கட்டத்துக்கே பெரும் கவனத்தைக் கொடுக்கிறார்கள். உமியிலிருந்து தொடங்குகிறவர்கள் எரிக்கும் கட்டத்துக்கு அதில் பாதியாவது கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெப்பம் குறைந்தால் கரிமம் முழுவதும் எரியாது. சாம்பல் கறுப்பாக இருக்கும். வெப்பம் மிகுந்து 800 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிலிக்கா மெல்ல மெல்லக் கிறிஸ்டோபலைட் என்னும் படிக வடிவத்துக்கு மாறத் தொடங்கும். அது காரத்தில் எளிதில் கரையாது. அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பெருங்கேடு. எனவே 600 முதல் 700 டிகிரிக்குள், தாராளமான காற்றோட்டத்தில், நிதானமாக எரிப்பதே சரியான வழி.

ஆனால் வெப்பத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் சாம்பல் வெண்மையாகிவிடாது. உமியில் உள்ள பொட்டாசியம் இதில் குறுக்கிடுகிறது. பொட்டாசியம் சிலிக்காவோடு சேர்ந்து தாழ்ந்த வெப்பநிலையிலேயே உருகி, இன்னும் எரிந்து முடியாத கரித்துணுக்குகளை மேலே மூடிக்கொள்கிறது. மூடப்பட்ட கரிக்குக் காற்று எட்டாது. அதன்பின் எத்தனை மணி நேரம் உலையில் வைத்திருந்தாலும் அது கறுப்பாகவே இருக்கும். இதற்கு மருந்து, எரிப்பதற்கு முன்பே உமியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக ஊறவைத்து, பின் நன்றாகக் கழுவிக் காயவைப்பதுதான். பொட்டாசியமும் கால்சியமும் அமிலத்தில் கரைந்து வெளியேறுகின்றன. இரும்பும் ஓரளவு போய்விடுகிறது. அப்படிக் கழுவிய உமியையும் கழுவாத உமியையும் ஒரே உலையில் இரு பீங்கான் கிண்ணங்களில் வைத்து எரித்தால், ஒன்றில் வெள்ளைவெளேர் என்று உமியின் வடிவம் குலையாத சாம்பலும், மற்றொன்றில் சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி ஓடிய சாம்பலும் கிடைக்கும். அந்த வெண்சாம்பலை விரலால் தொட்டால் படகு வடிவ உமித்தோல் அப்படியே பொடிந்துவிடும்.

ஆலைச் சாம்பலை நேரடியாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. ஒரே ஆலையிலேயே பாய்லரின் அடியில் தேங்கும் சாம்பல் ஒரு நிறமாகவும், புகைபோக்கிப் பாதையில் பிடிபடும் சாம்பல் இன்னொரு நிறமாகவும் இருக்கிறது. கரைத்து வடிகட்டிய நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றிச் சன்னலோரம் வைத்துப் பார்ப்பதே என் முதல் சோதனை. கரிமம் முழுமையாக எரிந்த சாம்பலின் வடிநீர் தெளிந்த தண்ணீராக இருக்கும். அரைகுறையாக எரிந்ததன் வடிநீர் தேநீர் நிறம் கொண்டிருக்கும். கரிந்த லிக்னின் முதலிய தாவரப் பொருள்களின் எச்சம் காரத்தில் கரைந்து தந்த நிறம் அது. வடிதாளில் அது தங்காது, ஜெல்லிலும் ஒட்டிக்கொள்ளும், இறுதியில் ஏரோஜெல்லின் பழுப்பாக நிலைத்துவிடும். கரிமம் முழுதும் எரிந்த பின்னும் மெல்லிய மஞ்சள் எஞ்சினால் இரும்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒளி சிதறுவதால் தோன்றும் மஞ்சளிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமல்ல: சிதறலின் மஞ்சள் கறுப்பு அட்டைமேல் நீலமாக மாறிவிடும், இரும்பின் மஞ்சள் எந்தப் பின்னணியிலும் மஞ்சளாகவே இருக்கும்.

இப்படிக் கிடைக்கும் சோடியம் சிலிக்கேட் கரைசல், அதாவது நீர்க்கண்ணாடி, ஏரோஜெல்லின் வரலாற்றில் மிகப் பழைய மூலப்பொருள். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் இருந்த பசிபிக் கல்லூரியில் சாமுவேல் கிஸ்லர் 1931-இல் அறிவித்த முதல் ஏரோஜெல்கள் நீர்க்கண்ணாடியை அமிலத்தால் ஜெல்லாக்கி, கழுவி, நீரை ஆல்கஹாலால் மாற்றி, மாறுநிலைக்கு (திரவமும் வாயுவும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும் வெப்ப, அழுத்த நிலைக்கு) மேலே உலர்த்திப் பெற்றவை. 1940-களில் மான்சான்டோ நிறுவனம் அதே வழியில் தயாரித்து விற்றது. பிற்காலத்தில் பிரான்சில் டைக்னரின் குழு சிலிக்கான் ஆல்காக்சைடுகளுக்கு மாறியதற்கு முக்கியக் காரணம், நீர்க்கண்ணாடி தரும் உப்பைக் கழுவித் தீர்ப்பதற்குள் நாள்கள் பல ஓடிவிடும் என்பதே. அவர்கள் தவிர்த்த அந்தச் சிக்கலை உமிச்சாம்பலோடு வேலை செய்கிறவர்கள் மறுபடியும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கிறது; தெளிவு என்பது பெரிதும் அங்கேதான் வெல்லப்படுகிறது அல்லது இழக்கப்படுகிறது.

அமிலத்தை நேரடியாக ஊற்றி நடுநிலையாக்கினால், ஜெல்லோடு சேர்ந்தே சோடியம் உப்பும் உருவாகும். அதைப் பின்னர் நீரில் ஊறவைத்து வெளியேற்ற வேண்டும். உப்பு ஜெல்லுக்குள்ளிருந்து ஊர்ந்தே வெளிவர வேண்டியிருப்பதால் அதற்கான நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளரும். தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். எஞ்சிய உப்பு, நீரை எத்தனாலால் மாற்றும்போது கரைய இடமின்றி உள்ளேயே படிகமாகி, வெண்புள்ளிகளாகவும் மேகத் திட்டுகளாகவும் தெரியும். ஆகையால் சோடியத்தை ஜெல் உருவாவதற்கு முன்பே அகற்றுவதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. நீர்த்த சிலிக்கேட் கரைசலை, அமிலத்தால் புதுப்பித்த நேரயனி மாற்றி ரெசின் தூணின் வழியாக ஓடவிட்டால் சோடியம் ரெசினில் தங்கி, பி.எச். 2 முதல் 3 வரை உள்ள சிலிசிக் அமிலம் கீழே இறங்கும். இங்கே வேகம் முக்கியம். ஓட்டம் தேங்கினால் தூணுக்குள்ளேயே ஜெல் கட்டிக்கொள்ளும். அதன்பின் அந்த ரெசினை மீட்பது பெரும்பாடு. இறங்கிய அமிலத்தைக் குளிர்ச்சியாக வைத்துக்கொண்டு அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

அடுத்தது ஜெல்லாக்குவது. சிலிசிக் அமிலத்தில் நீர்த்த அமோனியாவைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து பி.எச். அளவை 4 அல்லது 5-க்கு உயர்த்தினால் சிறிது நேரத்தில் ஜெல் இறுகிவிடும். அமோனியா செறிவாக இருந்தாலோ, கலக்குவது மந்தமாக இருந்தாலோ, சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பி.எச். ஏறி அங்கே ஒரு வெண்செதில் உருவாகும். அது பின் ஒருபோதும் கரையாது. காரத்தன்மை மிகுந்தால் துகள்கள் பெரிதாக வளரும், வலைக்கண்களும் சீரற்று விரியும், ஜெல் பால்நிறம் கொள்ளும். நிதானமாக, சீராக இறுகிய ஜெல்லில் துகளும் சிறிது, கண்களும் சிறிது, தெளிவும் மிகுதி. வார்ப்பச்சிலிருக்கும் ஈர ஜெல்லைப் பார்த்தே இறுதிப் பொருளின் தெளிவைப் பெருமளவு கணித்துவிடலாம்; ஈரத்தில் மங்கியது உலர்ந்த பின் தெளிவதை நான் கண்டதில்லை.

இதற்கான இயற்பியல் எளிமையானது. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய சீரின்மைகள், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஒளியைச் சிதறடிக்கின்றன. இதை ராலே சிதறல் என்கிறோம். 400 நானோமீட்டர் ஊதா ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட ஒன்பது மடங்குக்கும் மேல் சிதறுகிறது. பக்கவாட்டில் சிதறி வருவது நீலம்; ஊடுருவி வந்து சேர்வது நீலம் இழந்த மஞ்சள். வலைக்கண்கள் ஐம்பது, நூறு நானோமீட்டரை எட்டத் தொடங்கினால் இந்த நிறப் பாகுபாடு மங்கி, எல்லா அலைநீளமும் சிதறி, வெண்மையே மிஞ்சுகிறது. ஆகவே நீலச்சாயல் உள்ள ஏரோஜெல், குறையுள்ள ஏரோஜெல் அல்ல; அதன் வலை நுண்ணியது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

ஒளி ஊடுருவலை வெவ்வேறு அலைநீளங்களில் அளந்து, அதன் மடக்கையை அலைநீளத்தின் நான்காம் அடுக்கின் தலைகீழிக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். கோட்டின் சாய்வு உட்பொருளின் சிதறலைச் சொல்லும். கோடு வரைபடத்தின் செங்குத்து அச்சை வெட்டும் இடம் மேற்பரப்பின் சொரசொரப்பு, தூசி போன்றவற்றால் வந்த இழப்பைச் சொல்லும். இந்தப் பிரிப்பு மிகப் பயனுள்ளது. வெட்டுப்புள்ளி கெட்டிருந்தால் ஜெல் வார்த்த அச்சை மாற்ற வேண்டும், வழவழப்பான கண்ணாடி அச்சையோ புதிய பாலிபுரொப்பிலீன் அச்சையோ எடுக்க வேண்டும். சாய்வு கெட்டிருந்தால் வேதியியலைத் திருத்த வேண்டும். கருவி இல்லாதவர்கள் அச்சிட்ட தாளின்மேல் துண்டை வைத்து மெல்ல உயர்த்தலாம். தாளை ஒட்டியிருக்கும்போது எல்லா ஏரோஜெல்லிலும் எழுத்து தெரியும். சில சென்டிமீட்டர் உயர்த்திய பின்னும் எழுத்தின் விளிம்பு கலங்காமல் இருந்தால்தான் அது தெளிவானது. தெளிவுக்காக எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதற்கு ஜப்பானின் சுகுபாவில் இயங்கும் பெல் 2 துகள் உணர்கருவியைச் சொல்லலாம். அங்கே 1.045, 1.055 என்னும் ஒளிவிலகல் எண்கள் கொண்ட இரண்டு ஏரோஜெல் அடுக்குகள், விரைந்து செல்லும் துகள்கள் உமிழும் செரென்கோவ் ஒளியைத் தருகின்றன. சிதறிப்போன ஒளி அங்கே இழந்துபோன தகவல்.

உலர்த்துவதைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் தோற்றத்தைத் தொடும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன். பத்து நானோமீட்டர் ஆரமுள்ள கண்ணில் நீர் ஆவியாகும்போது பரப்பு இழுவிசையால் எழும் அழுத்தம் ஏறத்தாழ 140 வளிமண்டலம். எத்தனாலுக்கு அது நாற்பத்துச் சொச்சம். ஹெக்சேனுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. மெல்லிய வலை இதைத் தாங்காது, சுருங்கி வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடை அதன் மாறுநிலையான 31 டிகிரி, 74 பாருக்கு மேலே கொண்டுசென்று வெளியேற்றினால் திரவப் பரப்பே உண்டாகாததால் இந்த அழுத்தமும் இல்லை. ஆல்கஹாலை அதன் 240 டிகிரி மாறுநிலையைத் தாண்டி வெளியேற்றும் பழைய முறை எவ்வளவு ஆபத்தானது என்பதை, சுவீடனின் சோபோவில் 1984-இல் மெத்தனால் கசிந்து ஒரு தொழிற்சாலையே வெடித்த நிகழ்வு காட்டியது. கார்பன் டை ஆக்சைடு முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எத்தனாலில் நீர் எஞ்சியிருக்கக் கூடாது. நீரும் கார்பன் டை ஆக்சைடும் கலப்பதில்லை. நீர் எஞ்சிய நடுப்பகுதி வெண்மையான கருவாக நிற்கும், ஓரம் மட்டும் தெளிந்திருக்கும். துண்டின் நடுவில் மட்டும் வெண்மை தெரிந்தால் எத்தனாலை இன்னும் சில முறை மாற்றியிருக்க வேண்டும் என்று பொருள்.

அழுத்தக்கலன் இல்லாத ஆய்வகங்களுக்குச் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் உலர்த்தும் முறை இருக்கிறது. ஜெல்லின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் குழுக்களை டிரைமெத்தில்குளோரோசைலேன் கொண்டு மெத்தில் குழுக்களால் மூடிவிட்டால், உலரும்போது சுருங்கும் வலை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல், திரவம் போனபின் மீண்டும் விரிந்துகொள்கிறது. அமெரிக்காவில் பிரிங்கரின் குழு 1995-இல் இதை மென்படலங்களில் செய்துகாட்டியது. நீர்க்கண்ணாடி ஜெல்களை இந்த வழியில் பதப்படுத்துவதில் கோலாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வெங்கடேஸ்வர ராவ் நடத்திய ஏர் கிளாஸ் ஆய்வகம் ஆற்றிய பணி மிகப் பெரிது. நம் நாட்டில் இத்துறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அவர்களுடைய கட்டுரைகளைத்தான். சைலேன் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடை வெளியிடும் என்பதால் நச்சுப்புகையை வெளியே இழுக்கும் ஆய்வகக் கூண்டுக்குள் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வினை வேகமெடுத்தால் ஜெல்லுக்குள் குமிழிகள் எழுந்து அதைப் பிளந்துவிடும். இம்முறையில் பெரிய தெளிந்த பலகை கிடைப்பது அரிது; சற்றே மங்கிய குறுணைகளே பெரும்பாலும் கிடைக்கும்.

வேண்டுமென்றே நிறம் சேர்ப்பதும் தோற்றக் கட்டுப்பாட்டில் அடங்கும். உயர்வெப்பக் காப்புக்கு டைட்டானியம் டை ஆக்சைடோ கரித்தூளோ கலந்து வெண்மையாகவோ கறுப்பாகவோ ஆக்குகிறார்கள். 3 முதல் 8 மைக்ரோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பைச் சிலிக்கா மட்டும் தடுத்துவிட முடியாது என்பதே காரணம். அமெரிக்காவின் யூனியன் கல்லூரியில் ஏரோஜெல்லின்மேல் லேசரால் உருவங்களைப் பொறித்தும் சாயங்களை ஏற்றியும் அழகுப் பொருள்களை உருவாக்கியிருக்கிறார்கள். சாயம் சேர்க்க முயல்கிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது, வலையோடு பிணையாத சாயம் எத்தனால் மாற்றங்களின்போதே பெருமளவு கழுவிப்போய்விடும் என்பதை. உமிச்சாம்பல் ஏரோஜெல்லில் பழுப்பை மறைக்கச் சாயம் பூசுவது எனக்கு உடன்பாடில்லாத வழி. பழுப்பை அதன் பிறப்பிடத்திலேயே களைய முடியும்போது மறைப்பதற்குத் தேவை எழுவதில்லை. கரும்புச் சக்கைச் சாம்பலுக்கும் இது பொருந்தும். அதில் சிலிக்கா குறைவு, வயல்மண்ணோடு வந்த இரும்பு மிகுதி என்பதால் அமிலக் கழுவல் அங்கே இன்னும் இன்றியமையாதது.

செலவைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சாம்பல் இலவசமாகக் கிடைப்பதால் ஏரோஜெல் மலிவாகிவிடும் என்ற எண்ணம் தவறு. ஏரோஜெல்லின் விலையில் பெரும்பங்கு கரைப்பான்களுக்கும் சைலேனுக்கும் உலர்த்தும் கருவிக்குமே போகிறது. 100 கிலோ நெல்லின் சாம்பலில் உள்ள மூன்றரைக் கிலோ சிலிக்கா இழப்பின்றி மாறினால், கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராம் அடர்த்தியில் 35 லிட்டர் ஏரோஜெல் ஆகும். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் மூன்றரைச் சதுர மீட்டர் சன்னலை அது நிரப்பும். அதற்குப் பலமடங்கு கனஅளவு எத்தனாலும் ஹெக்சேனும் தேவைப்படும். அவற்றை வடித்து மீட்டுத் திரும்பப் பயன்படுத்தினால்தான் கணக்கு கட்டும்.

அந்தச் சன்னலைத்தான் நான் இலக்காகக் கொள்கிறேன். இரு கண்ணாடிகளுக்கு இடையே ஏரோஜெல் குறுணை நிரப்பிய பலகை, வெயிலின் வெப்பத்தைத் தணித்து வெளிச்சத்தைப் பரவலாக உள்ளே விடும். குறுணைகளின் எண்ணற்ற மேற்பரப்புகள் ஒளியை எப்படியும் சிதறடிப்பதால், அதன் வழியாக வெளியே பார்க்க முடியாது. எனவே பெல் 2-க்கு வேண்டிய தெளிவு அதற்குத் தேவையில்லை. அங்கே தோற்றத்தைக் கெடுப்பது பழுப்பு நிறம் ஒன்றுதான். அறைக்குள் விழும் வெளிச்சத்தையே அது அழுக்காக்கிவிடும். அந்தப் பழுப்பின் வேர் எரியாத கரியிலும் இரும்பிலும் இருக்கிறது. அழுத்தக்கலனும் விலையுயர்ந்த கரைப்பானும் இன்றி, உமியைக் கழுவுவதாலும் பதமாக எரிப்பதாலும் களையக்கூடியது. ஆலைகள் பாய்லர் அடிச்சாம்பலையும் புகைபோக்கிச் சாம்பலையும் ஒரே குவியலில் கொட்டாமல் தனித்தனியே எடுத்துவைத்து, ஒவ்வொன்றையும் 700 டிகிரியில் மறுபடி சுட்டு எவ்வளவு எடை குறைகிறது என்று குறித்துத் தந்தால், எந்தச் சாம்பல் சன்னலுக்கு ஏற்றது, எது செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் ஏற்றது என்பதை வாங்குகிறவர் அங்கேயே முடிவுசெய்துகொள்ளலாம்.